எச்.ஐ.வி மாத்திரை தொடங்கிய பிறகு என் கண் மங்கிய கதை

எனக்கு எச்.ஐ.வி இருக்கிறது. அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு ஊரில் வீட்டு நடையில் மெஷின் போட்டு ஜாக்கெட்டும் பள்ளிக்கூட யூனிஃபார்மும் தைத்துப் பிழைக்கிறேன். கணவர் இறந்து வருஷங்கள் ஆகின்றன. இது எனக்கு எப்படி வந்தது என்று எழுதப் போவதில்லை; கண்ணைப் பற்றிச் சொல்ல அது தேவையில்லை. மாத்திரை ஆரம்பித்து, உடம்பு தேறி, சரி, இனிப் பிழைத்துக்கொண்டோம் என்று மூச்சு விட்ட நேரத்தில்தான் இடது கண் மங்கத் தொடங்கியது. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. பாலிடெக்னிக் படிக்கிற மகனிடம் சொல்லவும் முடியவில்லை. திருநெல்வேலிக்குத் தனியாகவே பஸ் ஏறி அலைந்தேன். முதலிலேயே யாராவது விவரம் சொல்லியிருந்தால் பாதி அலைச்சலும் பாதிப் பணமும் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் தை கடைசியில் காய்ச்சல் வந்தது. வரும், போகும், திரும்ப வரும். நாக்கிலும் தொண்டையிலும் வெள்ளையாகப் படர்ந்து, கஞ்சி குடித்தாலும் இறங்கவில்லை. ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆகி, என் ஜாக்கெட்டையே நான் பிடித்துத் தைக்க வேண்டி வந்தது. அரசு ஆஸ்பத்திரியில், எச்.ஐ.வி டெஸ்ட் எடுக்கிற நம்பிக்கை மையத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே ரிசல்ட் வந்து, எச்.ஐ.வி மருந்து தருகிற ஏ.ஆர்.டி மையத்துக்குப் போனேன். ரத்தத்தில் நோயை எதிர்க்கிற வெள்ளணுக்களின் கணக்கான சிடி4 எண்ணிக்கை 38 என்றார்கள். நல்ல உடம்புக்காரருக்கு அது 500-க்கு மேலே இருக்கும். டிபி இருக்கிறதா என்று சளியும் எக்ஸ்ரேயும் பார்த்துவிட்டு, கூட்டு மருந்து தொடங்கினார்கள். ராத்திரி ஒரே ஒரு மாத்திரைதான். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்று மூன்று மருந்து அதற்குள் இருக்கிறது. கூடவே வேறு தொற்று வராமல் இருக்க செப்ட்ரான். நம் நாட்டில் 2004 ஏப்ரலில் இருந்து இந்த மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்கிறது. எனக்கும் ஒரு பைசா செலவில்லை. அதை நன்றியோடுதான் சொல்கிறேன்.

ஆனால் கண்ணைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை. காய்ச்சலாகக் கிடந்த நாட்களிலேயே இடது கண்ணுக்குள் பூச்சி பறந்துகொண்டிருந்தது. வெள்ளைச் சுவரைப் பார்த்தால் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள், நூல் துண்டுகள் மிதந்து போகும். உடம்பில் ரத்தம் இல்லை, அதனால்தான் என்று அம்மா சொன்னார்கள். எனக்கும் அது டாக்டரிடம் சொல்கிற அளவுக்குப் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. வலி இல்லை, சிவப்பு இல்லை, பீளை இல்லை.

அந்த வலியில்லாமைதான் இந்த நோயின் ஆபத்து என்று பிறகு தெரிந்துகொண்டேன். சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமாக சி.எம்.வி என்று ஒரு கிருமி இருக்கிறது. பெரியவர்களில் மிகப் பெரும்பாலோர் உடம்பில் அது ஏற்கெனவே தூங்கிக்கொண்டுதான் கிடக்கும், ஒன்றும் செய்யாது. சிடி4 50-க்குக் கீழே இறங்கினால் அது விழித்து, கண்ணின் பின்பக்கம் இருக்கிற விழித்திரையைத் தின்ன ஆரம்பிக்கலாம். விழித்திரைக்கு வலி தெரியாது. ஓரத்தில் தொடங்கினால் பார்வை குறைவதும் உடனே தெரியாது. கண்ணாடியில் பார்த்தால் கண் பளிச்சென்று நன்றாகத்தான் இருக்கும். ஆகவே சிடி4 100-க்குக் கீழே இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள் என்றால், கண்ணில் ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும், “சொட்டு விட்டுக் கண்மணியைப் பெரிதாக்கி விழித்திரையைப் பார்க்க எழுதிக் கொடுங்கள்” என்று நீங்களே கேளுங்கள். டார்ச் அடித்துப் பார்ப்பதும், எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வதும் இதற்குப் போதாது.

மாத்திரை ஆரம்பித்துக் கொஞ்ச நாள் குமட்டலும் கனவுமாக இருந்தது. அப்புறம் பசி வந்தது. சித்திரை முடிவதற்குள் முகம் தெளிந்துவிட்டது. வைகாசியில் யூனிஃபார்ம் வேலை குவிந்தது. வருஷத்தில் எனக்கு நாலு காசு கையில் நிற்கிற சீசன் அதுதான். நீல வெள்ளைக் கட்டம் போட்ட துணி. கட்டத்துக்குக் கட்டம் பொருந்துகிற மாதிரி தைத்தால்தான் சட்டை பார்க்க லட்சணமாக இருக்கும். ஒருநாள் மத்தியானம் தோள் மூட்டும்போது பார்க்கிறேன், கட்டத்தின் கோடு நடுவில் வளைந்து தெரிகிறது. துணி நீவப்படவில்லை என்று இஸ்திரி போட்டேன். அப்போதும் வளைந்தது. வலது கண்ணில் ஏதோ விழுந்து அதை மூடிக் கசக்கியபோதுதான் விஷயம் புரிந்தது. இடது கண்ணால் மட்டும் பார்த்தால் துணி முழுக்கப் பனி மூடியிருந்தது. நடுவில் கட்டங்கள் கோணிக்கொண்டு, ஊசி இருக்கிற இடமே தெரியவில்லை. வலது கண் இத்தனை நாளும் இரண்டு கண் வேலையையும் சேர்த்துப் பார்த்திருக்கிறது. மெஷினை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உயிர் பிழைத்தது இதற்குத்தானா என்று இருந்தது.

அன்றையிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். வாரம் ஒருநாள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கண்ணால் கட்டம் போட்ட துணியைப் பார்ப்பேன், பிறகு மாற்றிப் பார்ப்பேன். உங்களுக்குத் துணி வேண்டாம். ஜன்னல் கம்பி, தரை டைல்ஸ், தினசரி காலண்டர் எது வேண்டுமானாலும் போதும். கோடு வளைகிறதா, நடுவில் அல்லது ஓரத்தில் ஏதாவது இடம் காணவில்லையா என்று பாருங்கள். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாது.

முதலில் கண்ணாடிக் கடைக்குத்தான் போனேன். நாற்பது தாண்டினால் வெள்ளெழுத்து வரும் என்று கம்ப்யூட்டரில் பார்த்துக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள். 1,650 ரூபாய். பனி விலகவில்லை. ஆச்சி ஒருத்தி நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விடச் சொன்னாள். நான் விடவில்லை, நீங்களும் விட வேண்டாம்; கண்ணின் உள்ளே இருக்கிற வீக்கத்துக்கு மேலே பிழிகிற பூச்சாறு போய்ச் சேராது, புதுத் தொற்றுத்தான் வரலாம். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் தருகிற சொட்டு மருந்தும் வேண்டாம். அதில் சிலவற்றில், வீக்கத்தோடு எதிர்ப்புச் சக்தியையும் அடக்குகிற ஸ்டீராய்டு கலந்திருக்கும். உள்ளே கிருமி உயிரோடு இருக்கும்போது அதை விட்டால் கிருமிக்குத்தான் கொண்டாட்டம்.

அடுத்துத் திருநெல்வேலியில் ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். பதிவுச் சீட்டில் வேறு நோய் உண்டா என்று கேட்டிருந்தது, சொன்னேன். அதுவரை “வாங்கம்மா, உட்காருங்க” என்ற பெண், என் மருந்து நோட்டை விரல் நுனியால் தள்ளினாள். கடைசி ஆளாக உள்ளே விட்டார்கள். கன்னத்தை வைத்துப் பார்க்கிற விளக்கு மெஷினில் என்னை உட்கார வைக்கவே இல்லை. டாக்டர் நாற்காலியில் இருந்தபடியே பார்த்துவிட்டு, “மெட்ராஸ் ஐ மாதிரி இருக்கு, ட்ராப்ஸ் போடுங்க” என்றார். சிவப்பே இல்லாத கண்ணுக்கு மெட்ராஸ் ஐ. ஃபீஸும் மருந்துமாக 600 ரூபாய் கொடுத்துவிட்டு வெளியே வந்து, புது பஸ் ஸ்டாண்டில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று அழுதேன். பணத்துக்காக இல்லை.

எனக்கு அன்றைக்குத் தெரியாத ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். எச்.ஐ.வி உள்ளவர்களுக்கென்று 2017-இல் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கிறது. எச்.ஐ.வி இருக்கிறது என்பதற்காகச் சிகிச்சை மறுப்பதும், பாரபட்சமாக நடத்துவதும், சம்மதம் இல்லாமல் அடுத்தவரிடம் சொல்வதும் அந்தச் சட்டம் தடுக்கிற, நாம் புகார் செய்யக்கூடிய விஷயங்கள். தனியார் ஆஸ்பத்திரிக்கும் இது பொருந்தும். 1097 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டால் விவரம் சொல்வார்கள். இப்படிச் சொல்வதால், அடுத்த இடத்தில் மறைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். கண் டாக்டரிடம் எச்.ஐ.வியை மறைத்தால் அவர் வேறு நோயைத் தேடிப் போவார். சாதாரண ஆளுக்கு வருகிற கண் அழற்சி, அதாவது கண்ணின் உள்வீக்கம், வேறு; சிடி4 இறங்கிய ஆளுக்கு வருவது வேறு.

இந்த அலைச்சலுக்கு நடுவில் மைனி வந்தாள். என் அண்ணன் பொண்டாட்டி. வீட்டில் அம்மாவைத் தவிர விஷயம் தெரிந்த ஒரே ஆள். “ஏளா, மாத்திரை போட்ட பெறகுதான கண்ணு இப்படி ஆச்சு? சூடு ஏறிட்டு. கொஞ்ச நாளைக்கு நிறுத்திப் பாரேன். கண்ணு போச்சுன்னா என்னத்த வச்சுப் பொழைப்ப?” என்றாள். பாசத்தில்தான் சொன்னாள். எனக்கும் அதில் நியாயம் இருக்கிற மாதிரியே பட்டது. மாத்திரைக்கு முன்னால் பூச்சி மட்டும்தான் பறந்தது, பனி மூடியது அதற்குப் பிறகுதானே? அன்று ராத்திரி மாத்திரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தேன். போட்டுவிட்டுத்தான் படுத்தேன். மறுநாள் காலையில் ஏ.ஆர்.டி மைய ஆலோசகருக்குப் போன் செய்தேன். “அக்கா, என்ன வேணாலும் செய்ங்க, மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்க. வேற டாக்டர் நிறுத்தச் சொன்னாலும் முதல்ல எங்ககிட்ட ஒரு வார்த்த கேளுங்க” என்றார். என்னை அடுத்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும் அந்தப் பெண்தான். அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அந்த இரண்டாவது கண் ஆஸ்பத்திரியும் திருநெல்வேலியில்தான். சொட்டு விட்டு ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார வைத்து, பிறகு விழித்திரை டாக்டர் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். மேலே பாருங்க, மூக்கைப் பாருங்க, காதைப் பாருங்க என்று ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி: “சிடி4 என்ன? மாத்திரை ஆரம்பிக்கிறப்போ எவ்வளவு, இப்போ எவ்வளவு?” அதுவரை ஒரு கண் டாக்டரும் கேட்காத கேள்வி. நல்ல வேளையாகக் கையில் சீட்டு இருந்தது. 38-இல் இருந்து 140 ஆகியிருந்தது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். நான் காய்ச்சலில் கிடந்தபோதே சி.எம்.வி கிருமி என் இடது விழித்திரையின் ஓரத்தைத் தின்றிருக்கிறது. அந்தப் பூச்சி அதுதான். மாத்திரை தொடங்கியதும் எதிர்ப்புச் சக்தி திரும்பி வந்தது. வந்த சக்தி, கண்ணுக்குள் கிடந்த அந்தக் கிருமியையும் அதன் மிச்சங்களையும் இப்போதுதான் அடையாளம் கண்டு பாய்ந்திருக்கிறது. அந்தச் சண்டையில் கண்ணுக்குள் அழற்சி வந்து, உள்ளே இருக்கிற திரவம் கலங்கி, நடுப்பார்வை இருக்கிற மாக்குலாவில் நீர் கோத்துக்கொண்டது. கட்டம் வளைந்தது அந்த நீரால். எதிர்ப்புச் சக்தி மீளும்போது வருகிற யுவியைட்டிஸ் என்று இதற்குப் பெயர். கூட்டு மருந்து 1990-களின் நடுவில் வருவதற்கு முன்னால் டாக்டர்கள் இந்த நோயைப் பார்த்ததே இல்லையாம், அப்போது சி.எம்.வி வந்தால் பலருக்கும் பார்வை போய்விடும், அழற்சி வருகிற அளவுக்கு உடம்பில் தெம்பே இருக்காது.

கார் பருவ நெல் சாகுபடிக்குப் பாபநாசம் அணை திறந்து கன்னடியன் கால்வாயில் முதல் தண்ணீர் வரும்போது, காய்ந்து கிடந்த கால்வாயின் குப்பையெல்லாம் கலங்கலாகச் சேர்ந்து வரும். அதற்காக யாரும் அணையை அடைக்கச் சொல்ல மாட்டோம். மைனிக்கு நான் இப்படித்தான் விளக்கினேன், உடனே புரிந்துகொண்டாள். மாத்திரையை நிறுத்தியிருந்தால் எச்.ஐ.வி மறுபடி பெருகி, சிடி4 இறங்கி, சி.எம்.வி திரும்ப எழுந்து, வலது கண்ணுக்கும் போயிருக்கலாம். கண் அழற்சிக்குக் கண்ணில்தான் வைத்தியம். மாத்திரை நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

வைத்தியத்துக்கு முன் டெஸ்ட். சர்க்கரை, எக்ஸ்ரே, டிபிக்குக் கையில் போடுகிற மான்டூ ஊசி, அப்புறம் வி.டி.ஆர்.எல் என்ற சிஃபிலிஸ் டெஸ்ட். கடைசிப் பெயரைக் கேட்டதும் எனக்குக் கூசியது. “இது உங்கள சந்தேகப்பட்டு எடுக்கிறது இல்லம்மா, கண்ணுக்குள்ள வீக்கம்னு வர்ற எல்லாருக்கும் எடுக்கணும்” என்றார் டாக்டர். அது சரியான பேச்சு. சிஃபிலிஸ் கண்ணில் எந்த நோய் மாதிரியும் வேஷம் போடும். கண்டுபிடித்துவிட்டால் பென்சிலின் ஊசியில் அடங்கிவிடும், கண்டுபிடிக்காவிட்டால் பார்வை போகும். டிபியும் கண்ணுக்குள் வரும், நம் ஊரில் குறைவில்லாமல் வருகிறது. எச்.ஐ.வி உள்ளவருக்குக் கண் அழற்சி என்றால் முதல் கேள்வி, உள்ளே கிருமி இருக்கிறதா இல்லையா என்பதுதான். அது தெரியாமல் யாராவது நேரடியாக ஸ்டீராய்டு எழுதினால், “தொற்று இல்லை என்று பார்த்துவிட்டீர்களா டாக்டர்?” என்று மரியாதையாகக் கேளுங்கள்.

எனக்கு ஓரத்துக் காயம் முழுசாக ஆறியிருக்கவில்லை. அதனால் முதலில் சி.எம்.விக்கான கான்சிக்ளோவிர் என்ற மருந்தை வாரம் ஒருமுறை கண்ணுக்குள்ளேயே ஊசியாகப் போட்டார்கள். வால்கான்சிக்ளோவிர் என்று மாத்திரையும் உண்டு. இரண்டு கண்ணையும் உடம்பு முழுக்கவும் அது காப்பாற்றும், ஆனால் ரத்த அணுக்களைக் குறைக்கும் என்பதால் அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும். விலையும் எனக்கு எட்டவில்லை. வலது கண் சுத்தமாக இருந்ததாலும் எதிர்ப்புச் சக்தி ஏறிக்கொண்டிருந்ததாலும் ஊசி போதும் என்று டாக்டர் முடிவு செய்தார். வலது கண்ணை ஒவ்வொரு முறையும் பார்த்தார்.

கண்ணுக்குள் ஊசி என்றதும் பயப்படாதவர் யார்? நடப்பதைச் சொல்லிவிடுகிறேன், தெரிந்திருந்தால் பயம் குறையும். மரத்துப்போகிற சொட்டு விடுவார்கள். பழுப்பு மருந்தால் இமையைச் சுற்றித் துடைத்து, கண்ணுக்குள்ளும் ஒரு சொட்டு விடுவார்கள், எரிச்சல் அதில்தான். இமை மூடாமல் இருக்க ஒரு சின்னக் கம்பி கிளிப். “மேலே பாருங்க” என்பார்கள். ஒரு அழுத்தம் தெரியும், குத்தல் தெரியாது. முடிந்ததும் கண்ணுக்குள் மருந்து சுருள் சுருளாகக் கலங்கி இறங்குவது தெரிந்தது. மொத்தமே சில நிமிஷம்தான். அன்றைக்கு இரவு மணல் விழுந்த மாதிரி உறுத்தும். கொஞ்ச நாளைக்குத் தலைக்குக் குளிக்கக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது, விறகடுப்புப் புகையில் நிற்கக் கூடாது. வலி கூடிக்கொண்டே போனாலோ, கண் சிவந்து பார்வை இறங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

தனியாகப் போகிறவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டும். கண்மணி பெரிதாகும் சொட்டு விட்டால் சில மணி நேரம் வெளிச்சம் தாங்காது, பக்கத்தில் இருக்கிற எழுத்துத் தெரியாது. பஸ் போர்டு எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர்களிடம் “அம்பை வண்டி வந்தா சொல்லுங்க” என்று கேட்டுக் கேட்டுத்தான் ஏறினேன். ஒரு கறுப்புக் கண்ணாடி, தண்ணீர், சாப்பாடு, சில்லறை தனியாக எண்ணி வைத்த பர்ஸ் இவையெல்லாம் வேண்டும். மத்தியானம் தாண்டிக் கிளம்புகிற மாதிரி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது எனக்குப் பெரிய ஒத்தாசை.

காயம் ஆறிய பிறகுதான் அழற்சிக்கு ஸ்டீராய்டு. சொட்டு மருந்து, அப்புறம் கண்ணின் பக்கவாட்டில் ஓர் ஊசி. மாக்குலாவின் நீர் வற்றுகிறதா என்று, விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டுகிற ஓ.சி.டி ஸ்கேனில் ஒவ்வொரு முறையும் பார்த்தார்கள். ஸ்டீராய்டு கண் அழுத்தத்தை ஏற்றும், புரையைச் சீக்கிரம் கொண்டுவரும். அழுத்தம் பார்க்காமல் திருப்பி அனுப்ப விடாதீர்கள். இன்னொரு விஷயம், இது உயிரோடு சம்பந்தப்பட்டது. ரிட்டோனாவிர் சேர்ந்த இரண்டாம் கட்ட மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, கண் பக்கத்தில் போடுகிற சில ஸ்டீராய்டு ஊசிகூட ரத்தத்தில் தேங்கி முகம் வீங்கி, உடம்பு தானாகச் சுரக்கிற ஸ்டீராய்டு நின்று போகலாம். எனக்கு அந்த மாத்திரை இல்லை. நீங்கள் சாப்பிடுகிற மாத்திரையின் பெயரைக் கண் டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். இரண்டு டாக்டர்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள் என்று நம்பி இருக்க முடியாது. கண் ஆஸ்பத்திரிச் சீட்டை ஏ.ஆர்.டி மையத்துக்கும், ஏ.ஆர்.டி நோட்டைக் கண் ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு போவது நம் வேலை. எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கிறேன். மேலே சிடி4 எண்களைத் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

மருந்து வாங்க வரிசையில் நிற்கும்போது பழக்கமான ஓர் அக்காவின் கதையையும் சொல்லாமல் விட மனசில்லை. அவருக்கு நெற்றியில் ஒரு பக்கமாக அக்கி வந்தது. நம் ஊர் வழக்கப்படி வேளார் வீட்டுக்குப் போய்க் காவியில் அக்கி எழுதிக்கொண்டு, பத்தியமும் இருந்திருக்கிறார். கொப்புளம் மூக்கு நுனி வரை இறங்கியது. மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்புதான்; அங்கே கொப்புளம் வந்தால் கண்ணும் பாதிக்கப்பட வாய்ப்பு அதிகம் என்று அடையாளம். அவர் கண் டாக்டரிடம் போய்ச் சேரும்போது கருவிழி வெளுத்து, உள்ளே அழற்சியும் வந்துவிட்டது. அக்கிக்கு அசைக்ளோவிர் மாத்திரை இருக்கிறது. கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். அக்கி எழுதுவது உங்கள் நம்பிக்கை, எழுதிக்கொள்ளுங்கள். அதே நாளில் டாக்டரையும் பார்த்துவிடுங்கள். இளவயதில் நெற்றியில் அக்கி வந்தவர்களுக்கு எச்.ஐ.வி டெஸ்ட்டும் எடுத்துவிடுவது நல்லது. அந்த அக்காவுக்கு அதில்தான் முதலில் தெரிய வந்தது.

மெட்ராஸ் ஐ என்றால் கண் சிவக்கும், பீளை தள்ளும், வீட்டில் ஒருவருக்கு வந்தால் அடுத்தவருக்கு வரும், பார்வை பெரிதாகக் குறையாது. வெளிச்சம் பார்த்தால் கூசி, உள்ளே வலித்து, கருவிழியைச் சுற்றி மட்டும் சிவந்தால் அது வேறு. வலியே இல்லாமல் பூச்சி திடீரென்று கூட்டமாகப் பறந்தாலும், கண்ணை மூடினாலும் மின்னல் வெட்டினாலும், ஓரத்தில் இருந்து திரை இறங்குகிற மாதிரி தெரிந்தாலும் அன்றைக்கே ஓடுங்கள். சி.எம்.வி தின்ற விழித்திரை மெலிந்து கிழிந்துவிடலாம், கழன்றால் ஆபரேஷன்தான்.

எனக்கு டெஸ்ட், ஸ்கேன், ஊசி, மருந்து, போக்குவரத்து எல்லாம் சேர்ந்து 40,000 ரூபாயைத் தாண்டியது. கம்மல் அடகுக்குப் போனது. யூனிஃபார்ம் ஆர்டரைப் பாதியில் வேறு டெய்லரிடம் கொடுத்ததில் வராமல் போன காசு தனி. முதல் வாரமே சரியான இடத்துக்குப் போயிருந்தாலும் ஊசியும் ஸ்கேனும் தவிர்க்க முடியாதவைதான். ஆனால் நடுப்பார்வை இவ்வளவு இறங்குமுன் பிடித்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது மனசு ஆறவில்லை.

இப்போது இடது கண்ணில் பனி விலகியிருக்கிறது. காலண்டரில் தேதி தெரிகிறது, அதில் சின்னதாகப் போட்டிருக்கிற நட்சத்திரப் பெயர் தெரியவில்லை. ஓரத்தில் ஓர் இடம் நிரந்தரமாகக் காணாமல் போனது. ரோட்டைக் கடக்கும்போது அந்தப் பக்கம் தலையை முழுசாகத் திருப்பிப் பார்க்கிறேன். ஊசியில் நூல் கோக்க வலது கண். சிடி4 260 ஆகியிருக்கிறது, வைரஸ் அளவு டெஸ்ட்டில் தெரியாத நிலைக்கு இறங்கிவிட்டது. மகனிடம் சொல்லிவிட்டேன். ஒரு நாள் பேசாமல் இருந்தான், அடுத்த செக்கப்புக்கு அவனே லீவு போட்டு வந்தான். இடது கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது. அழற்சி முழுசாக அடங்கிக் குறைந்தது மூன்று மாதமாவது அமைதியாக இருந்தால்தான் புரை ஆபரேஷன் செய்வார்களாம். அதுவரைக்கும் சொட்டு மருந்தும் மாதா மாதம் அழுத்தம் பார்ப்பதும் நடக்கிறது. ஆபரேஷன் செலவுக்கு மைனி சேர்த்துவிட்ட சீட்டில் பணம் போட்டுக்கொண்டு வருகிறேன்.